மாநாட்டு மேடையும் வீட்டு உறுதியும்

ஈழத்துக் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு மாநாடு புதியதொன்றன்று. 1966 ஆம் ஆண்டில், நெசவாளர் ஊராகிய மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. 1973 இல் திருச்சியிலும் 1979 இல் கொழும்பிலும் கூடிய பெருமாநாடுகளுக்கு முற்பட்டது அது. கல்லூரியோ நூலகமோ முன்வராத காலத்தில், தறியோசை கேட்கும் சிற்றூரொன்று தன் இலக்கியச் செல்வத்தைத் தானே கணக்கெடுக்க முற்பட்டமை அம்மாநாட்டின் தனிச்சிறப்பு. பேசியோரும் கேட்டோரும் ஒரே மொழியினர். பேசப்பட்ட பொருளும் அவர்தம் வீட்டுப் பெட்டகங்களிற் கிடந்த பொருளே. எந்தவொரு மாநாட்டையும் மதிப்பிடுதற்கு இவ்விரண்டு அளவுகோல்களே போதுமானவை: பேசுவோர் யார், பேசப்படும் பொருள் யாருடையது.

அண்மைக் காலத்தில் இக்கரையில் வேறொரு வகை மாநாடு பெருகியுள்ளது. பெண் முயற்சியாளர் மாநாடு, மகளிர் தலைமைத்துவக் கருத்தரங்கு, மாணவத் தலைவர் பயிற்சி முகாம் எனப் பல பெயர்களில் அது நடைபெறுகின்றது. மண்டபம் நிறைகின்றது, விளக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை என உரைகள் தொடர்கின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன. (பொன்னாடை பெரும்பாலும் அயல்நாட்டுச் செயற்கைப் பட்டு என்பதும், அது கைத்தறி ஊர்களுக்கு நடுவிலேயே போர்த்தப்படுகின்றது என்பதும் தனியாக நோக்கற்பாலன.) இவ்வகை மாநாட்டின் மொழியும் அமைப்பும் இக்கரையில் முளைத்தவையல்ல. அவற்றின் மூலவடிவத்தைக் காண வேண்டுமாயின் அரபுலகின் பக்கம் சற்றே திரும்ப வேண்டும்.

அரபுப் பெண் வர்த்தகர்களையும் பல்கலைக்கழக மாணவத் தலைவர்களையும் ஒன்றுகூட்டும் பிராந்திய மாநாடுகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேகமடைந்தன. 2001 இல் ஹைஃபா அல் கைலானி என்பார் இலண்டனைத் தளமாகக் கொண்டு அரபு சர்வதேச மகளிர் மன்றத்தை நிறுவினார். 2002 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் வெளியிட்ட அரபு மனிதவள அபிவிருத்தி அறிக்கை, அரபுலகின் மூன்று பெருங் குறைபாடுகளாகச் சுதந்திரம், அறிவு, பெண்களின் வலுவூட்டல் ஆகியவற்றைச் சுட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு மத்திய கிழக்குப் பங்காண்மை முன்முயற்சி என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் நிதியில் பெண் வர்த்தகர் பயிற்சிகளும், அரபு மாணவர்களைக் கோடை விடுமுறையில் அமெரிக்காவுக்கு அழைக்கும் மாணவத் தலைவர் நிகழ்ச்சியும் இடம்பெற்றன. மூன்று மாதங்கள் கழித்து, 2003 மார்ச்சில், அதே அரசின் படைகள் ஈராக்கினுள் நுழைந்தன. ஒரு கையால் குண்டும் மறு கையால் கருத்தரங்கும் வழங்கப்பட்ட இச்சூழலை மறந்துவிட்டு அம்மாநாடுகளைப் பற்றிப் பேசுதல் வரலாற்றுணர்வு ஆகாது.

எனினும் அவை அனைத்தும் வீண் வேடிக்கை என ஒதுக்கிவிடுவதும் நேர்மையன்று. 2004 ஜனவரியில் ஜித்தா பொருளாதார மன்றத்தின் தொடக்கவுரையை லுப்னா அல் உலையான் நிகழ்த்தினார். அம்மன்றத்தில் அத்தகைய உரை நிகழ்த்திய முதற் பெண்மணி அவரே. உரையின்போது அவர் தலையிலிருந்து முக்காடு நழுவியது. படம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. சவூதியின் தலைமை முப்தி கடுமையாகக் கண்டித்தார். உரையின் கருத்தை விட்டு முக்காட்டைப் பற்றியே நாடு பேசிற்று என்பது ஒருபுறமிருக்க, மறு ஆண்டு நவம்பரில் ஜித்தா வர்த்தக சம்மேளனத் தேர்தலில் லமா அல் சுலைமான், நஷ்வா தாஹிர் என்னும் இரு பெண்கள் வெற்றிபெற்றனர். அதே 2005 இல் நடைபெற்ற நகரசபைத் தேர்தலில் சவூதிப் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். அரசியலிற் கிட்டாத ஒரு வாயில் வர்த்தகத்திற் கிட்டியது. அதைத் திறந்ததில் மேடைகளுக்கும் ஒரு பங்குண்டு. 2018 இல் பாதுகாவலரான ஆணின் சம்மதமின்றிப் பெண்கள் தொழில் தொடங்கலாம் என்று சவூதி அரசு அறிவித்தமைக்கும் இத்தகைய நீண்ட பேச்சுக்களே பின்புலம்.

ஆயின், அம்மாநாடுகளில் உரையாற்றியோர் பெரும்பாலும் செல்வக் குடும்பங்களின் புதல்வியர். பரம்பரை வணிகத்தின் ஒரு கிளையை ஏற்று நடத்தும் உரிமையை அவர்கள் கோரினர். முதல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதனைக் கையாளும் கையொப்ப உரிமையே இருக்கவில்லை. அவர்தம் போராட்டம் கையொப்பத்துக்கான போராட்டம். இதனை மனங்கொண்டால், அம்மாநாட்டு மொழி கல்முனைக் கரைக்கு வந்து சேர்ந்தபோது நேர்ந்த பிழை எளிதிற் புலப்படும்.

இக்கரையின் மகளிர் மாநாடுகளிற் பெரும்பாலானவை நாயகி கதீஜா (ரலி) அவர்களின் பெயரோடுதான் தொடங்குகின்றன. ஜித்தா வர்த்தக சம்மேளனத்தின் பெண் வர்த்தகர் நிலையத்துக்கும் அப்பெயரே சூட்டப்பட்டுள்ளது. பொருத்தமான பெயர்தான். ஆனால் அப்பெயரைச் சொல்லும் உரைகள் அவ்வரலாற்றின் எப்பகுதியைச் சொல்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. கணவரைத் தேற்றிய துணைவி, முதலில் விசுவாசங்கொண்ட பெண்மணி என்னும் பகுதிகள் விரிவாகச் சொல்லப்படுகின்றன. மக்கத்து வணிகரான அவர், தமது பொருளைச் சிரியாவுக்குக் கொண்டுசென்று விற்றுவர நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை முகவராக அமர்த்தினார் என்பதும், திருமணப் பேச்சைத் தோழி மூலம் தாமே தொடங்கினார் என்பதும் விரைவாகக் கடந்துசெல்லப்படுகின்றன. பெயர் மேடைக்கு வருகின்றது. அவருடைய முதலும் ஒப்பந்தமும் தெரிவுரிமையும் மேடைக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன.

பெயருக்கு அடுத்து வருவது கலைச்சொல். ‘வலுவூட்டல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். வலுவற்றவள் ஒருத்தி இருக்கின்றாள். வெளியிலிருந்து வருவோர் அவளுக்கு வலுவை ஊட்டுகின்றனர் என்பது அச்சொல்லின் உட்பொருள். குழந்தைக்குச் சோறூட்டுவது போன்றதொரு வினை அது. அம்பாறைக் கரையோரத்தின் சமூக அமைப்பைச் சிறிதளவேனும் அறிந்தோர் இச்சொல்லை இத்துணை இலகுவாகக் கையாளத் தயங்குவர்.

மட்டக்களப்பு முதல் அம்பாறைக் கரையோரம் வரை தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாகக் கொண்டுள்ள சமூக அமைப்பு தாய்வழிக் குடிமுறை. தாய் எக்குடியினளோ பிள்ளைகளும் அக்குடியினரே. ஒரே குடியில் மணம் கொள்வதில்லை. திருமணமான ஆண் தன் வீட்டை விட்டு மனைவியின் வீட்டுக்குச் செல்கின்றான். அவ்வீடு அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுக்கப்பட்டது. மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகே சிறு குடிலொன்றிற் குடிபுகுந்து, அடுத்த மகளுக்கான வீட்டுக்கு அத்திவாரம் இடுவதை இவ்வூர்களில் எவரும் வியப்போடு நோக்குவதில்லை. வயற்காணியும் பல வேளைகளில் பெண்வழியே செல்கின்றது. அக்கரைப்பற்றைத் தளமாகக் கொண்டு நெடுங்காலம் ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே இவ்வமைப்பை விரிவாக எழுதியுள்ளார். அவர் எழுதுமுன்பும் ஒவ்வொரு உம்மாவும் அதனை அறிந்திருந்தாள்.

எனவே இக்கரைப் பெண்ணின் நிலை ஜித்தாவின் செல்வப் புதல்வியின் நிலையிலிருந்தும், நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்ணின் நிலையிலிருந்தும் வேறானது. அவள் உடைமையாளர். ஆயினும் அவளுடைய உடைமை அவளுக்குப் பேசும் அதிகாரத்தைத் தரவில்லை. இம்முரணுக்குப் பள்ளிவாசல் நிருவாகத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. மரபான பள்ளிவாசல்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் உண்டு. குடிகளின் பிரதிநிதிகளாகிய இம்மரைக்காயர்கள் கூடியே ஊர்க்காரியங்களைத் தீர்மானிப்பர். குடி பெண்ணால் வருகின்றது. மரைக்காயர் ஆணாகவே இருக்கின்றார். தான் பிறந்த குடியைத் தாயிடமிருந்து பெற்ற ஆண், அக்குடியின் பெயரால் தாய் அமர முடியாத சபையில் அமர்கின்றான். இவ்வமைப்பைப் பெண்ணாட்சியின் எச்சம் எனப் புகழ்வோரும் உளர். அப்புகழ்ச்சி மிகை. தாய்வழி வேறு, தாயாட்சி வேறு.

மகளிர் மாநாடொன்று இங்கு கூடுமாயின் அதன் முதற் பொருளாக அமையவேண்டியது இம்முரணே. ஆனால் தலைமைத்துவப் பயிற்சிக் கையேடுகளில் குடி என்ற சொல்லே காணப்படுவதில்லை. அவை வேறெங்கோ தயாரிக்கப்பட்டுத் தமிழாக்கப்பட்டவை. கல்முனைக்கும் அம்மானுக்கும் ஒரே கையேடு போதும் என்னும் நம்பிக்கை அவற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் தொனிக்கின்றது.

இந்த அறியாமை வெறுங் கல்விக் குறைபாடு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதன் விலை 2004 டிசம்பர் 26 ஆம் நாளுக்குப் பின்னர் தெரியவந்தது. ஆழிப்பேரலையில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறையே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய நெருக்கமான ஊர்களில் கடலோரத் தெருக்கள் முழுமையாக அழிந்தன. அழிந்த வீடுகளுட் பல பெண்களின் பெயரில் இருந்தவை. பின்னர் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டக்கூடாது என அரசு விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் அத்தூரம் 100 மீற்றரே. கடற்கரையோடு ஒட்டி நெருங்கி வாழும் இவ்வூர்களில் 200 மீற்றர் என்பது ஓர் ஊரின் பாதி. இடம் பெயர்ந்தோருக்குப் புதிய வீடுகள் வேறிடங்களிற் கட்டப்பட்டன.

அப்போது நிரப்பப்பட்ட படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு நிரல் இருந்தது. கணவன் உயிரோடிருக்கும் குடும்பத்தில் அந்நிரலில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. அதன் வழியே புதிய வீட்டின் உரிமைப் பத்திரமும் அவன் பெயருக்குப் போயிற்று. குடும்பத் தலைவர் என்பதற்குச் சட்ட வரைவிலக்கணம் எதுவும் இல்லை. அது அலுவலக வழக்கமேயன்றி வேறில்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பத்திரம் வழங்கலாமே என்ற கோரிக்கைக்கு, அரச காணிச் சட்டம் இடந்தராது என்ற பதில் கிடைத்தது. இவ்வாறாகப் பல தலைமுறைகளாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வீடு, ஒரே படிவத்தின் மூலம் ஆணுக்குச் சென்றது. மெக்கில்வ்றேயும் பற்றீசியா லோறன்சும் இப்பகுதியின் சீதன வீடுகளைப் பற்றி 2010 இல் வெளியிட்ட ஆய்வும், பெண்கள் அமைப்புகள் பதிந்த முறைப்பாடுகளும் இதற்குச் சான்று. கடல் கொண்டது வீட்டை. உரிமையைக் கொண்டது கோவை.

ஈண்டு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெண்களை வலுவூட்டும் செயலமர்வுகள் இக்கரையில் மிக அதிகமாக நடைபெற்ற காலமும் இதுவே. உதவி நிறுவனங்கள் வரிசையாக வந்தன. சுயதொழிற் பயிற்சி, தையல் இயந்திரம், கோழிக்கூடு, தலைமைத்துவச் சான்றிதழ் எனப் பல வழங்கப்பட்டன. மண்டபத்தினுள்ளே பெண்ணின் தலைமைத்துவம் பற்றி உரை நிகழ்ந்துகொண்டிருக்க, பிரதேச செயலகத்தில் அவளது வீடு அவளது தலைமையிலிருந்து எழுத்து மூலம் நீக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் செய்தோர் கெட்ட எண்ணத்தோடு செய்தனர் எனக் கூறுவதற்கில்லை. ஒருவர் செய்வதை மற்றவர் அறியவில்லை. மாநாட்டிற் பேசியோர் படிவத்தை வாசிக்கவில்லை.

அரபுப் பணமும் இக்காலத்தில் வந்தது. சவூதி நிதியில் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பங்கீடு பற்றிய இன முரண்பாடும் வழக்கும் காரணமாக அவை நீண்ட காலம் ஆளின்றிப் பூட்டிக்கிடந்து புதர் மண்டின. எவர் பெயரில் உறுதி எழுதுவது என்ற வினா அங்கு எழவேயில்லை. எந்த இனத்தாருக்கு என்ற வினாவிலேயே எல்லாம் நின்றுவிட்டது.

மருதமுனைத் தறிக்கு வருவோம். சாரனும் சாறியும் நெய்த அவ்வூரின் தொழில் 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் பட்ட அடி யாவரும் அறிந்ததே. இறக்குமதித் துணியின் விலையோடு கைத்தறி போட்டியிட முடியவில்லை. நூலின் விலை நெசவாளரின் கையில் இல்லை; சந்தை விலையும் அவர் கையில் இல்லை. தறியில் அமர்வதும் நூல் சுற்றுவதும் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தும், விற்பனைக் கணக்கு ஆண்களின் கையில் இருந்தது. இவ்வூர்களில் பன்பாய் இழைக்கும் பெண்களும், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்களும், வீட்டிலிருந்தே உடுப்புத் தைக்கும் பெண்களும் எண்ணற்றோர். மாநாட்டு அழைப்பிதழ் ‘முயற்சியாளர்’ எனக் குறிப்பிடுவோர் பட்டியலில் இவர்கள் இடம்பெறுவது அரிது. அவர்களுக்குத் தனியாக ‘பயனாளிகள்’ என்றொரு பெயர் உண்டு.

சீட்டு முறையும் இவ்வாறே புறக்கணிக்கப்பட்டது. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து மாதந்தோறும் பணம் போட்டு, ஒவ்வொருவரும் முறைப்படி மொத்தத் தொகையைப் பெறும் இவ்வழக்கத்தில் வட்டி இல்லை, எழுத்தும் இல்லை. அதனை நடத்தும் பெண்ணின் சொல்லே பத்திரம். ஒருத்தி தவணை தவறின் சீட்டுத் தலைவி தன் கையிலிருந்து இட்டு நிரப்புகிறாள். தலைமைத்துவம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தக் கையேட்டில் உள்ளது? வட்டியை விலக்கிய சமயத்தார் நடுவே நுண்கடன் நிறுவனங்கள் வாராந்த வட்டியோடு வந்து நின்றபோது, ஏற்கெனவே உள்ள இவ்வழக்கத்தை ஆராய வேண்டும் என எவருக்கும் தோன்றாதது வியப்பே.

இம்மாநாடுகள் எல்லாவற்றிலும் வெற்றிடமாக இருக்கும் ஓர் ஆசனம் உண்டு. அது வீட்டுப் பணிப்பெண்ணுக்குரியது. 1970களின் பிற்பகுதி முதல் இலங்கையர் வளைகுடா நாடுகளுக்குச் செல்லத் தொடங்கினர். 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலிருந்து சென்ற பெண்கள் பலர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை எவை என்று பார்த்தால், தங்கைக்கும் மகளுக்குமான சீதன வீடுகளே முன்னிற்கின்றன. குடிமுறை கேட்ட வீட்டை இப்போது தந்தையோ அண்ணனோ மட்டும் கட்டுவதில்லை; றியாத்திலும் குவைத்திலும் பாத்திரம் கழுவும் பெண்ணும் கட்டுகின்றாள்.

அரபுப் பெண் வர்த்தகர் மாநாட்டுக்கும் இவளுக்கும் உள்ள தொடர்பு உவமையளவிலான தொடர்பன்று. வர்த்தகப் பெண்மணி காலையில் அலுவலகம் செல்ல வேண்டுமாயின் அவளது குழந்தையை ஒருவர் ஏந்த வேண்டும். வீட்டு வேலையில் ஆணின் பங்கைக் கோருவதற்குப் பதிலாக, வேறொரு நாட்டுப் பெண்ணின் உழைப்பைக் கூலிக்குப் பெறுதலே அங்கு கண்ட தீர்வு. கபீல் எனப்படும் பொறுப்பாளரின் அனுமதியின்றி வேலையை மாற்றவோ நாட்டை விட்டு வெளியேறவோ முடியாதபடி அவளைக் கட்டிய முறைமையின் மீதே அத்தீர்வு நின்றது. அரபுப் பெண்ணின் பாதுகாவலர் சம்மதத்தை நீக்குமாறு மாநாடுகள் கோரின. பணிப்பெண்ணின் கபீலைப் பற்றி அதே உரத்த குரலிற் பேசவில்லை.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் கதையை இங்கு நினைவுகூராமல் இருக்க இயலாது. 1988 இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 எனத் திருத்தப்பட்டிருந்தது. 2005 மே மாதம் சவூதி சென்று சில வாரங்களுக்குள் அவரது பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பாலூட்டுகையில் மூச்சுத் திணறியது என்றார்; கொலை என்றது நீதிமன்று. 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் நாள் நிறைவேற்றப்பட்டது. பதினேழு வயதுச் சிறுமியிடம் நான்கு மாதக் குழந்தையை ஒப்படைத்த முறைமையைப் பற்றி விசாரணை நிகழவில்லை. அவ்வாண்டு இலங்கை அரசு எடுத்த நடவடிக்கையோ, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகச் செல்லக்கூடாதெனக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியமை. ஆராயப்பட்டது தாயின் பின்னணி.

இத்தகைய விமர்சனத்துக்கு ஒரு மறுப்பு எழும். மாநாடு பேசும் இடம். படிவம் திருத்துவதும் சட்டம் ஆக்குவதும் அதன் பணியல்ல. பெண்கள் வீட்டை விட்டு வந்து ஒரு மண்டபத்தில் அமர்வதே இவ்வூர்களில் ஒரு முன்னேற்றம் என்பர். இம்மறுப்பை எளிதிற் தள்ள முடியாது. ஒலிவாங்கியை முதன்முறையாகப் பற்றிய ஒரு பெண்ணின் கை நடுக்கம் வரலாற்றுச் செய்தியே. அன்றியும், பேச்சு சட்டத்தை அசைத்ததற்கு இக்கரையே சான்று. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ்க் காதி நீதிமன்றங்களில் தாம் பட்ட பாட்டைக் கிழக்கின் பெண்கள் சிறு கூட்டங்களிற் கூறத் தொடங்கியதன் விளைவாகவே அச்சட்டத் திருத்தம் தேசியப் பிரச்சினையாயிற்று. அக்கூட்டங்களுக்குப் பதாகை இருக்கவில்லை. பிரதம அதிதியும் இருக்கவில்லை. ஒருத்தி தன் பராமரிப்பு வழக்கின் தவணைகளை எண்ணிச் சொன்னாள். மற்றொருத்தி தன் மகளின் வயதைச் சொன்னாள்.

வேறுபாடு இங்கேதான் உள்ளது. மாநாடு கூடாது என்பது இங்கு வாதமன்று. 1966 இல் மருதமுனை கூட்டியது போன்றதொரு மாநாடு, தன் பெட்டகத்தைத் தானே திறக்கும் மாநாடு, பெண்கள் வகையில் இன்னும் கூடவில்லை என்பதே வாதம். இலக்கியத்திலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. சாய்ந்தமருதின் கவிஞர் அனார், தம் கவிதைகளோடு நில்லாது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளையும் தொகுத்து நூலாக்கியுள்ளார். வயலிலும் வாசலிலும் பெயரின்றி வழங்கிய குரல்களை அத்தொகுப்பு அச்சுக்குக் கொணர்ந்தது. பொருளாதாரத்திலும் சட்டத்திலும் அதே பணியை எவரும் செய்திலர்.

மாணவத் தலைவர்களைப் பற்றியும் ஒரு சொல். போர்ச் சூழலில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கற்க முடியாது போன முஸ்லிம் மாணவர்களின் தேவையிலிருந்து, எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால், 1995 இல் கல்லூரியாகத் தோன்றி 1996 இல் முழுமை பெற்றது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். வீட்டிலிருந்து தொலைவுக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரின் பெண் பிள்ளைகளுக்கு அது திறந்த வாயில் மிகப் பெரிது. எனினும் பொதுவாகப் பல்கலைக்கழக மாணவர் அமைப்புகளில் தலைவர் ஆண், உபதலைவி பெண், பத்திராதிபர் ஆண், வரவேற்புக்குழு பெண்கள் என்னும் பங்கீடு இன்னும் தளரவில்லை. விரிவுரை மண்டபத்தில் பெரும்பான்மையாக இருப்போர் மேடையில் தாம்பாளம் ஏந்துவோராக இருக்கின்றனர். மாணவத் தலைமைத்துவ முகாமுக்குச் சான்றிதழ் பெற்றுவந்த மாணவி, தன் ஊர்ப் பள்ளிவாசலில் தன் குடியின் மரைக்காயர் யார் என அறியாதிருப்பின் அம்முகாம் அவளுக்கு எதைக் கற்பித்தது என்ற வினாவை அவளே எழுப்ப வேண்டும்.

குடும்பத் தலைவர் நிரலில் எழுதப்பட்ட பெயர்கள் கிராம உத்தியோகத்தர் கோவைகளில் இன்றும் உள. எத்தனை சீதன உறுதிகள் அழிந்தன, எத்தனை புதிய பத்திரங்கள் ஆண் பெயரில் எழுந்தன என்பதை ஊர் வாரியாக, குடி வாரியாகத் தொகுக்கும் வேலைக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. கலைப்பீடத்து மாணவியர் சிலரும் ஒரு விடுமுறைக் காலமும் போதும். அத்தொகுப்பு வாசிக்கப்படும் கூட்டத்துக்கு மாநாடு என்ற பெயர் பொருந்தும்.

விவாகச் சட்டத்தின் கதையும் முடியவில்லை. திருத்தங்களை ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிற் குழு அமைக்கப்பட்டது. 2018 ஜனவரியில் அதன் அறிக்கை கையளிக்கப்பட்டபோது உறுப்பினர்கள் இரு அணிகளாகப் பிரிந்திருந்தனர். அச்சட்டத்தின்படியான விவாகப் பதிவேட்டில் மஹரின் தொகைக்கு இடமுண்டு. கைக்கூலியின் தொகைக்கும் இடமுண்டு. மணமகன் ஒப்பமிடுகின்றான், வலியும் ஒப்பமிடுகின்றார். எந்த வீட்டில் நிக்காஹ் நிகழ்கின்றதோ அவ்வீட்டின் உறுதியில் பெயருள்ள மணமகள் ஒப்பமிட வேண்டும் என 1951 ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கவில்லை.